முதல் முறையாகப் பொலிகுதிரை வளர்ப்பவர்களுக்கு: சீசன், ஹார்மோன், விந்துப் பரிசோதனை, காகிதங்கள்

சொந்தமாக ஓர் ஆண் குதிரை வைத்திருந்து, அதை முதல் முறையாக இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இதெல்லாம் துண்டு துண்டாக, வேறு வேறு ஆட்களிடமிருந்து, பெரும்பாலும் காசு செலவான பிறகுதான் தெரிய வந்தது. பெட்டைக் குதிரையின் சினைப்பருவம் பற்றிச் சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள். ஆண் குதிரைக்கும் சீசன் உண்டு என்று சொல்கிறவர்கள்தான் குறைவு. "ஆண் குதிரை வருஷம் முழுக்கத் தயார்" என்பார்கள். ஏறும், விந்தும் வரும், அது சரி. ஆனால் குளிர்காலத்தில் வரும் விந்தில் விந்தணுக்களின் எண்ணிக்கை கோடையில் இருந்ததில் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கிவிடலாம். இதைக் கணக்கில் எடுக்காமல் தேதி குறித்துவிட்டு, பெட்டைகள் லாயத்துக்கு வந்து சேர்ந்த பிறகு தவிப்பது ரொம்பக் கஷ்டம்.

1. முதலில் உங்கள் சீசன் எது என்று குறியுங்கள்

குதிரை, பகல் நீளும் காலத்தில் இனப்பெருக்கம் செய்கிற விலங்கு. வட கோளத்தில் இயற்கையான சீசன் சுமாராக ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை, தென் கோளத்தில் அதற்கு ஆறு மாதம் தள்ளி. ஆனால் தரோபிரெட் போன்ற பந்தயக் குதிரைகளுக்கு வட கோளத்தில் ஜனவரி 1-உம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற தென் கோள நாடுகளில் ஆகஸ்ட் 1-உம் எல்லாக் குட்டிகளுக்கும் பொதுவான பிறந்தநாளாக வைக்கப்பட்டிருக்கின்றன. சினைக்காலம் சராசரியாக 340 நாள். அதனால் குட்டி அந்தத் தேதியை ஒட்டிப் பிறக்க வேண்டும் என்று வட கோளத்தில் பிப்ரவரி நடுவிலேயே இணை சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது ஆண் குதிரையின் உடம்பு இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும்.

ஆகவே முதல் கேள்வி, உங்களுக்கு இந்த அவசரம் இருக்கிறதா என்பது. சவாரிக்கோ, தாவல் போட்டிக்கோ, வீட்டு லாயத்துக்கோ குட்டி வேண்டும் என்றால் இயற்கையான சீசனுக்குக் காத்திருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும், செலவும் குறையும். பந்தயத்துக்கு என்றால் கீழே 7-ஆம் படியைக் கவனமாகப் படியுங்கள்.

இன்னொன்று. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் பகல் நீளத்தில் வித்தியாசம் குறையும், சீசனின் ஏற்ற இறக்கமும் அதற்கேற்ப மங்கும். அங்கே வெயிலும் தீவனமும்தான் பெரிய விஷயம். குளிர்நாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துவந்து அங்கே பொருத்தாதீர்கள்.

2. உள்ளே நடப்பதில் இவ்வளவு தெரிந்தால் போதும்

இருட்டில் மூளையின் பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. இரவு நீண்டால் அது அதிக நேரம் ஓடும், பகல் நீண்டால் குறையும். அது குறையும்போது குதிரை மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாக விடும். (செம்மறியாட்டுக்கு இது அப்படியே தலைகீழ், பகல் குறையும்போதுதான் அதற்கு சீசன்.) ஜி.என்.ஆர்.எச். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் வெளியே வரவைக்கும். எல்.எச். விதைக்குள் இருக்கும் லெய்டிக் செல்களிடம் போய் டெஸ்டோஸ்டிரோனை உண்டாக்கும். எஃப்.எஸ்.எச்., விந்தணுக்களை வளர்த்துவிடும் செர்டோலி செல்களை வேலை வாங்கும். அந்த செர்டோலி செல்கள் இன்ஹிபின் என்ற ஹார்மோனைச் சுரந்து, "போதும்" என்று பிட்யூட்டரிக்குத் திரும்பச் சேதி அனுப்பும்.

ஆண் குதிரையின் விதை ஈஸ்ட்ரோஜனையும் மிகப் பெரிய அளவில் உண்டாக்குகிறது, மற்ற வீட்டு விலங்குகளின் ஆணில் இருப்பதைவிட எவ்வளவோ அதிகம். ரத்த அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் எகிறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அது ஆண் குதிரையின் இயல்பு.

நடைமுறையில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது இதுதான்: குளிர்காலத்தில் விதை சற்றுச் சுருங்கும், விந்தோடு வரும் ஜெல் குறையும், பெட்டையைப் பார்த்ததும் தயாராக எடுக்கும் நேரம் கூடும், ஒரு முறை விந்து வெளியேற இரண்டு மூன்று தடவை ஏற வேண்டியிருக்கும். விந்தணுக்கள் நீந்தும் வேகமும் அவற்றின் வடிவமும் மட்டும் சீசனால் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே குளிர்காலத்தில் எண்ணிக்கை குறைந்தால் அது பருவத்தின் வேலையாக இருக்கலாம். நீந்தும் சதவீதமே விழுந்திருந்தால் வேறு காரணம் தேடுங்கள்.

3. எந்தத் தேதியாக இருந்தாலும் இரண்டு மாதம் பின்னால் எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆண் குதிரையில் ஒரு விந்தணு உருவாகி முடிய 57 நாள் ஆகும். அப்புறம் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயைக் கடந்து வர ஒரு வாரத்துக்கு மேல். இன்று நீங்கள் குப்பியில் பார்ப்பது, இரண்டு மாதத்துக்கும் முன்னால் உடம்பு எப்படி இருந்ததோ அதன் விளைவு. இன்று மாற்றுகிற தீவனம், இன்று போடுகிற விளக்கு, இன்று நிறுத்துகிற மருந்து எல்லாம் சுமார் 65 நாள் கழித்துத்தான் முழுசாகத் தெரியும்.

இதனால் மூன்று வேலைகள் உங்களுக்கு உண்டு.

காய்ச்சல் வந்த தேதியை எழுதி வையுங்கள். விதை, உடம்புச் சூட்டைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக வளரும். காய்ச்சலோ விரைப்பையில் வீக்கமோ வந்தால் அடுத்த இரண்டு மூன்று மாத விந்தில் அது தெரியும். பரிசோதனை அந்தக் காலத்துக்குள் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், முடிந்தால் தள்ளிப் போடுங்கள்.

தடுப்பூசி போட்டு சில குதிரைகளுக்கு லேசாகக் காய்ச்சல் அடிக்கும். அதனால் வருடாந்திரத் தடுப்பூசிகளை சீசனுக்கு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

"ரெண்டு வாரத்தில் எண்ணிக்கையை ஏற்றித் தருகிறோம்" என்று எந்தப் பொடியை விற்றாலும் 57 நாள் கணக்கை நினைத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

4. காகிதங்களை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

குதிரையைவிடக் காகிதம் மெதுவாக நகரும். அவரவர் வம்சப் பதிவேட்டின் விதிகள் வேறுபடும், ஆனால் எங்கே போனாலும் கேட்கும் விஷயங்கள் ஏறக்குறைய இவைதான்:

- குதிரை பாஸ்போர்ட் அல்லது பதிவுச் சான்று, உங்கள் பெயருக்கு உரிமை மாற்றப்பட்டிருக்க வேண்டும். பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தால் மற்ற எல்லாமே நிற்கும்.
- 15 இலக்க மைக்ரோசிப் எண். மருத்துவர் ஸ்கேனரில் படித்த எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.
- டி.என்.ஏ. பதிவு. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்ப வேண்டும், கத்தரித்தால் பயனில்லை. வேரில்தான் சரக்கே இருக்கிறது.
- இனத்துக்கு உரிய மரபணு நோய்ப் பரிசோதனை. அரேபியக் குதிரைக்கு எஸ்.சி.ஐ.டி. (நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறப்பது), குவார்ட்டர் குதிரைக்கு எச்.ஒய்.பி.பி. (ஒரு தசை நோய்) உள்ளிட்ட தொகுப்பு என்று இனத்துக்கு இனம் மாறும்.
- பொலிகுதிரையாகப் பயன்படுத்த உரிமம் அல்லது ஒப்புதல். சில இனப் பதிவேடுகள் நேரில் பார்த்துத் தேர்வு செய்தபிறகே தரும், அந்தத் தேர்வு வருஷத்தில் சில நாள்தான் நடக்கும். அந்தத் தேதியை முதலில் கேளுங்கள்.
- பெட்டை உரிமையாளரோடு ஒப்பந்தம். கட்டணம் எப்போது, சினை பிடிக்காவிட்டால் என்ன, "உயிருள்ள குட்டி" என்றால் என்ன அர்த்தம் (எழுந்து நின்று பால் குடித்த குட்டி என்று எழுதுவது வழக்கம்), இதையெல்லாம் எழுத்தில் வையுங்கள்.

ஒரு பொறி உண்டு. தரோபிரெட் குதிரைகளுக்கு நேரடி இணை சேர்க்கை மட்டுமே செல்லும். செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவு செய்ய முடியாது. மற்ற பல இனங்களில் செயற்கை முறை அனுமதி உண்டு, ஆனால் குளிர்வித்து அனுப்பிய விந்துக்கும் உறைய வைத்த விந்துக்கும் தனித்தனி அனுமதி கேட்கும் பதிவேடுகள் இருக்கின்றன. விந்து எடுக்கும் கருவிகளை வாங்குவதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

5. தொற்றுப் பரிசோதனை: வரிசை தப்பினால் எல்லாம் கெடும்

இது ஏன் ஹார்மோன் கட்டுரையில் என்று கேட்கலாம். குதிரை வைரல் ஆர்டிரைட்டிஸ் (மூட்டு நோய் அல்ல, ரத்தக்குழாய் அழற்சி) என்ற நோயின் வைரஸ், ஆண் குதிரையின் துணைச் சுரப்பிகளில் மறைந்து வருஷக்கணக்கில் விந்தோடு வெளியேறும். அது அங்கே தங்கியிருக்க டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். காயடித்த குதிரையில் அது நிலைப்பதில்லை. குதிரை வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், பெட்டைகள்தான் கருச்சிதைவில் மாட்டும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் ரத்தம் எடுத்து, நோய் எதிர்ப்பொருள் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகுதான் தடுப்பூசி. தலைகீழாகச் செய்தால், தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருளையும் தொற்றால் வந்ததையும் பிரித்தறிய முடியாது. ஏற்றுமதிக்கோ, வேறு லாயத்துக்கோ அனுப்பும்போது குதிரை சந்தேகத்தின் நிழலில் நிற்கும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்து, தடுப்பூசிக்கு முந்தைய சான்று இல்லை என்றால் விந்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும், அது கூடுதல் செலவு. தடுப்பூசி போட்ட பிறகு சில வாரம் குதிரையைத் தனியே வைக்கவும் சொல்வார்கள், அந்த நாட்களையும் அட்டவணையில் சேருங்கள்.

அடுத்தது குதிரைத் தொற்றுக் கருப்பை அழற்சி. டெய்லரெல்லா ஈக்விஜெனிட்டாலிஸ் என்ற பாக்டீரியா காரணம். ஆண் குதிரைக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆண்குறி நுனிக் குழி, சிறுநீர்க் குழாய், உறை என்று பல இடங்களில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார்கள். பல விதிமுறைகளில் குறைந்தது 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுக்க வேண்டும். இந்தக் கிருமி மெதுவாக வளரும், முடிவு வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மாதிரியைக் கரி கலந்த ஊடகத்தில், குளிர்ச்சியாக, 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், அதனால் வார இறுதியை ஒட்டி எடுக்கவே எடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக் கொடுத்த கையோடு எடுத்த மாதிரியும் செல்லாது. எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று ஆய்வகத்திடமே முன்கூட்டிக் கேளுங்கள்.

குதிரைத் தொற்று ரத்தசோகை, சில நாடுகளில் டூரின், கிளாண்டர்ஸ் ஆகிய தொற்று நோய்களுக்கும் ரத்தம் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவை எடுத்துவிடலாம். விண்ணப்பத்தில் மைக்ரோசிப் எண்ணைத் தப்பில்லாமல் எழுதச் சொல்லுங்கள். ஓர் இலக்கம் மாறினால் அறிக்கை வேறு குதிரையுடையது ஆகிவிடும்.

6. இனப்பெருக்கத் தகுதிப் பரிசோதனை

சீசனுக்கு மூன்று நான்கு மாதம் முன்பு ஒரு தடவை. இதில் வரும் எண்களைப் புரிந்துகொண்டு போனால் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

முதலில் விதை. இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். மருத்துவர் இரண்டையும் மெதுவாகக் கீழே இழுத்துப் பிடித்து, விரைப்பையின் மிக அகன்ற இடத்தில் காலிப்பரால் அளப்பார். 8 செ.மீ. என்பது குறைந்தபட்சம், நன்கு வளர்ந்த குதிரைக்கு 10 செ.மீ.-ஐ ஒட்டியோ மேலேயோ இருப்பது நல்லது. மூன்று தடவை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள், குதிரை அசைந்தால் அரை செ.மீ. சாதாரணமாக மாறும்.

ஸ்கேன் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு விதையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 0.523-ஆல் மறுபடி பெருக்கினால் அதன் கன அளவு மி.லி.யில் கிடைக்கும். இரண்டையும் கூட்டி, 2.4-ஆல் பெருக்கி, 76-ஐக் கழித்தால் ஒரு நாளில் எதிர்பார்க்கக்கூடிய விந்தணு எண்ணிக்கை கோடியில் வரும். உதாரணமாக 9, 5, 5.5 செ.மீ. என்றால் ஒரு விதை சுமார் 129 மி.லி., இரண்டும் சேர்ந்து 259, அப்படியானால் நாளுக்கு ஏறக்குறைய 545 கோடி. இப்படிக் கணக்கில் வரும் எண்ணுக்கும் உண்மையில் குப்பியில் வரும் எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், விதை அளவுக்குத் தகுந்த வேலையைச் செய்யவில்லை என்று பொருள். அந்த ஒப்பீட்டுக்காகவே இந்தக் கணக்கைப் போடச் சொல்கிறேன்.

அப்புறம் விந்து. ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுப்பார்கள். இரண்டாவதில் முதலாவதின் பாதியளவு விந்தணுக்கள் இருக்க வேண்டும். அப்படி இல்லை என்றால் ஏதோ ஒரு தடவை விந்து முழுசாக வரவில்லை. தேர்ச்சிக்கான அளவு: இரண்டாவது விந்தில், நேராக நீந்துகிற, வடிவம் சரியான விந்தணுக்கள் குறைந்தது 100 கோடி. இது வருஷத்தின் எந்த மாதத்துக்கும் ஒரே அளவுகோல். குளிர்காலத்திலேயே இதைத் தாண்டிய குதிரைக்குக் கவலையே வேண்டாம். தாண்டாத குதிரையைப் பற்றி அந்த ஒரு நாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. எங்கள் குதிரைக்குக் குளிர் உச்சத்தில் எடுத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒருவர் காயடித்துவிடச் சொன்னார். மாதத்தை அவர் பார்க்கவே இல்லை. வசந்தத்தில் மறுபடி எடுத்தபோது தாராளமாகத் தேர்ச்சி. காயடித்த பிறகு இதைத் திருத்த வழியே கிடையாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே இன்னும் இரண்டு பொறிகள்.

ஒன்று, நீண்ட ஓய்வு. மாதக்கணக்கில் இணை சேராத குதிரையின் குழாயில் பழைய விந்தணுக்கள் தேங்கிக் கிடக்கும். முதல் சில தடவை தலை தனியாக வால் தனியாக, செத்த விந்தணுக்களே அதிகம் வரும். பரிசோதனைக்கு முந்தின வாரத்தில் சில முறை எடுத்து வெளியேற்றிவிட்டுப் பிறகு சோதியுங்கள். உண்மையான தினசரி உற்பத்தி தெரிய வேண்டும் என்றால் 5 முதல் 7 நாள் தொடர்ந்து தினமும் எடுக்க வேண்டும். சேமிப்பெல்லாம் தீர்ந்தபிறகு வரும் எண்தான் அந்தக் குதிரையின் உண்மையான வருமானம்.

இரண்டு, கையாளும் விதம். குளிர்ந்த குப்பி, தண்ணீர்த் துளி, சோப்பு மிச்சம், வெயில், இதில் எது பட்டாலும் நல்ல விந்தணுவும் நீந்தாமல் நின்றுவிடும். குப்பியும் கண்ணாடித் தகடும் 37 டிகிரியில் இருந்தனவா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ரத்தத்தில் ஹார்மோன் பார்க்கலாமா என்றால், எல்லாக் குதிரைக்கும் வேண்டாம். விந்து சரியாக இருந்தால் இந்தச் செலவே தேவையில்லை. நாட்டம் இல்லாமல் இருப்பது, விதை சுருங்கிக்கொண்டே போவது, ஒரு விதை இறங்காமல் ஒளிந்திருக்கிறதா என்ற சந்தேகம், இவற்றுக்குப் பார்க்கலாம். டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் அலை அலையாக வருவதால் ஒரே ஒரு மாதிரி ஏமாற்றும். ஒரே நாளில் சில மணி நேர இடைவெளியில் பல மாதிரிகள் எடுக்க வேண்டும், அல்லது எச்.சி.ஜி. (எல்.எச். போலவே வேலை செய்யும் ஹார்மோன்) ஊசி போட்டு அதற்கு விதை எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். வயதான குதிரையில் எஃப்.எஸ்.எச். ஏறி, இன்ஹிபினும் ஈஸ்ட்ரோஜனும் இறங்கினால் விதை தேய்கிறது என்று அர்த்தம். அப்போதும் டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருக்கலாம், அதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். இரண்டு ஆய்வக அறிக்கைகளை ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள்: ஒரு மி.லி.க்கு 1 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 3.47 நானோமோல் என்பதும் ஒரே அளவுதான்.

7. விளக்கு வைக்க வேண்டுமா

பிப்ரவரியிலேயே வேலை தொடங்குபவர்களுக்கு மட்டும். டிசம்பர் தொடக்கத்திலிருந்து, இயற்கை வெளிச்சத்தையும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு. தென் கோளத்தில் ஜூன் தொடக்கம். லாயத்தின் எந்த மூலையில் நின்றாலும் செய்தித்தாள் படிக்க முடிகிற அளவு வெளிச்சம் போதும். மாலையில் இருட்டும் முன்பே விளக்கு எரியத் தொடங்க வேண்டும், டைமர் போட்டுவிடுங்கள். இரவு முழுக்க எரிய விடாதீர்கள், இருட்டும் கணக்கில் சேர்ந்ததுதான்.

இதில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று: விளக்கு உச்சத்தை முன்னால் இழுக்கும், சீசனை நீட்டித்துத் தராது. சீக்கிரம் ஏறிய விதை சீக்கிரமே இறங்கவும் தொடங்கும். மே, ஜூனில்தான் உங்கள் பெட்டைகளில் பெரும்பாலானவை வரப்போகின்றன என்றால், குளிர்காலத்தில் விளக்குப் போட்டது உங்களுக்கே எதிராகத் திரும்பும். வருஷம் முழுக்க 16 மணி நேரம் கொடுத்தால் எப்போதும் உச்சத்தில் இருக்கும் என்று நினைப்பதும் நடக்காது. இடையில் குறும்பகல் காலம் ஒன்றை உடம்பு பார்த்தாக வேண்டும்.

8. ஊசி விஷயத்தில் யார் சொன்னாலும் நின்று யோசியுங்கள்

நாட்டம் குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாம் என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். விந்தணு வளர்வதற்கு விதைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும், அதை விதையேதான் தயாரிக்கும். வெளியிலிருந்து ஊசி போட்டால் ரத்தத்தில் அளவு கூடும், மூளை "ஏற்கெனவே நிறைய இருக்கிறதே" என்று எல்.எச்.-ஐ நிறுத்தும், விதைக்குள் உற்பத்தி விழும், விதை சுருங்கும், விந்தணு குறையும். நான்டிரோலோன், போல்டினோன், ஸ்டானோசோலோல் போன்ற தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகளும் இதையேதான் செய்கின்றன. மருந்தை நிறுத்தினாலும் மீள மாதக்கணக்கில் ஆகும்.

பந்தயத்திலிருந்தோ போட்டியிலிருந்தோ வந்த குதிரையை வாங்குகிறீர்கள் என்றால், போன ஒரு வருஷத்துக்கான மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அடக்கமாக இருக்கட்டும் என்று அல்ட்ரினோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மருந்து கொடுத்திருப்பார்கள், அது நாட்டத்தையும் விந்தணுவையும் குறைக்கும். ஜி.என்.ஆர்.எச்.-க்கு எதிரான தடுப்பூசி போட்டிருந்தால் எப்போது மீளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, குதிரைக்குக் குதிரை மாறும். இது தெரியாமல் விலை பேசாதீர்கள்.

மயக்க மருந்திலும் கவனம். அசெப்ரோமசின் வகை, ஆண் குதிரைக்கு ஆண்குறி உள்ளே திரும்பாமல் தொங்கிவிடும் அபாயம் கொண்டது. லாடம் அடிக்க, பல் தேய்க்க வருகிறவர்களிடம் "இது பொலிகுதிரை" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊசி இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆண் குதிரைகளை மட்டும் வரிசையாகக் கட்டி வைத்த லாயத்தில், கூட்டத்தில் அடங்கிப்போகும் குதிரையின் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவே இருக்கும். அதை மற்ற ஆண்களிடமிருந்து விலக்கி, பெட்டைகள் தெரியும் தூரத்துக்கு மாற்றினால் ஹார்மோனும் நாட்டமும் ஏறும். லாயத்தில் இடம் மாற்றுவது இலவசம். மருந்துக்குப் போகும் முன் இதைச் சில வாரம் செய்து பாருங்கள். உடம்பு, மெலிவு முதல் கொழுப்பு வரை 1 முதல் 9 என்று மதிப்பிடும் அளவுகோலில் 5, 6-ல் இருக்கட்டும். கொழுத்த குதிரை நல்ல பொலிகுதிரை என்பது தவறான நம்பிக்கை.

9. செலவு எங்கே போகிறது

தொகை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் பில்லில் வரும் வரிகள் ஒன்றுதான்: மருத்துவர் வருகை, விந்து எடுத்தல், நுண்ணோக்கி ஆய்வு, ஸ்கேன், ஒவ்வொரு தொற்றுக்கும் தனி ஆய்வகக் கட்டணம், கூரியர், பதிவேட்டுக் கட்டணம், டி.என்.ஏ. இதில் வருகைக் கட்டணம்தான் சத்தமில்லாமல் பெருகும். அளவு, ஸ்கேன், விந்து, பஞ்சுக்குச்சி மாதிரி, ரத்தம் எல்லாவற்றையும் ஒரே வருகையில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள், இரண்டாவது பஞ்சுக்குச்சி மாதிரிக்கு மட்டும் மறுபடி வந்தால் போதும். தொடர்ந்து ஒரு வாரம் விந்து எடுக்க வேண்டியிருந்தால் குதிரையை மையத்திலேயே தங்கவைப்பது பெரும்பாலும் மலிவு, தங்கும் கட்டணத்தையும் தீவனத்தையும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

தொற்றுப் பரிசோதனையில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஹார்மோன் தொகுப்பு, சத்துப் பொடி, விளையாட்டுக் குதிரைக்குக் குளிர்கால விளக்கு, இதிலெல்லாம் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். மறுபரிசோதனைக்கு என்று ஒரு தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.

10. சீசன் தொடங்கியபின்

தேர்ச்சி பெற்ற முழு வளர்ச்சியடைந்த குதிரை, நன்றாகக் கையாண்டால், நேரடி முறையில் 40 பெட்டைகள் அல்லது செயற்கை முறையில் 120 பெட்டைகளில் முக்கால் பங்கையாவது சினையாக்கும் என்பதுதான் அந்தத் தகுதிச் சான்றின் எதிர்பார்ப்பு. முதல் வருஷமே அவ்வளவு எடுக்க வேண்டாம். மூன்று வயதுக் குதிரைக்கு விதை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், பத்துப் பதினைந்து பெட்டைகளோடு நிறுத்துங்கள். புது விந்துக்கு ஒரு கருவூட்டலுக்கு நேராக நீந்தும் விந்தணு 50 கோடி, குளிர்வித்து அனுப்புவதற்கு 100 கோடி என்பது வழக்கமான அளவு. உங்கள் குதிரையின் தினசரி எண்ணில் நேராக நீந்துபவற்றை மட்டும் எடுத்து இதனால் வகுத்தால் நாளுக்கு எத்தனை பெட்டை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எத்தனையாவது ஏற்றத்தில் விந்து வந்தது, ஜெல் நீக்கிய அளவு, அடர்த்தி, நீந்தும் சதவீதம், பெட்டையின் பெயரும் சிப் எண்ணும், குதிரையின் உடல்சூடு. மாதம் ஒரு முறை விரைப்பையின் அகலம். அடுத்த வருஷம் மே மாத எண்ணை இந்த வருஷ மே மாத எண்ணோடு ஒப்பிடுங்கள், டிசம்பரோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு வருஷம் அதே மாதத்தில் அகலம் குறைந்துகொண்டே வந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சீசன் முடிந்ததும் இணை சேர்த்த பெட்டைகளின் முழுப் பட்டியலைப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு, தாண்டினால் அபராதம், சில இடங்களில் குட்டியின் பதிவே சிக்கலாகும். சேர்க்கைச் சான்றையும் அப்போதே பெட்டை உரிமையாளருக்குக் கொடுத்துவிடுங்கள். விந்தை உறைய வைக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு இலையுதிர் காலம் வசதி. குதிரை ஓய்வாக இருக்கும், எண்ணிக்கையும் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்காது. உறைய வைக்கும் மையத்தில் முன்பதிவு கேட்கும்போது தொற்றுச் சான்றுகளின் காலாவதித் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்றுமதிக்கான விந்துக்கு, எடுப்பதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்குள் ரத்தம் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.